ஏழாவது பெட்டி

பத்துப் பெட்டி. ஒவ்வொன்றிலும்
நூற்றைம்பது எழுத்துக்குத்தான் இடம்.
விவாதக் குழு, சதுரங்கம், சாரணியம்,
வெள்ளவத்தைக் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியது
(நாற்பது நிமிடம், பாதி படமெடுக்கப் போனது).
ஏழாவதில் நின்றுவிட்டேன்.

"வேறென்ன செய்வீர்?" ஷெஹானி மிஸ் கேட்டார்,
டுப்ளிகேஷன் வீதி, ஏசிக் குளிர்.
யோசிக்காமல் சொன்னேன்:
சனிக்கிழமைகளில் அம்மாவோடு கண் ஆஸ்பத்திரி.
டொக்டர் சிங்களத்தில் சொல்வதை
அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன்,
கொஞ்சம் குறைத்து.

மிஸ் நிமிர்ந்து இருந்தார்.
"தங்கம் பிள்ளை இது! ஏன் முதலே சொல்லேல்லை?
எத்தனை பேருக்கு உதவினீர்?"

ஒராளுக்கு.

இரவு ஆங்கிலத்தில் எழுதி முடித்தபோது
அம்மா 'நோயாளர் சமூகம்' ஆகியிருந்தாள்,
நான் அதன் நிறுவுனர்.
இரண்டு எழுத்துக்கு இன்னும் இடமிருந்தது.

பக்கத்தறையிலிருந்து கூப்பிட்டாள்.
மருந்து விடும் நேரம்.
இமையை விரித்து இரண்டு துளி.
"டொக்டர் வேறொண்டும் சொல்லேல்லைத்தானே?"
"இல்லை."

வந்து எல்லாவற்றையும் அழித்தேன்.
வலைப்பந்து என்று போட்டேன், மூன்று வருடம்.
பொய்யில்லை.
மூன்று வருடமும் வாங்கில் இருந்து
தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல்.