கழிப்பறைக்குப் பக்கத்து மேசை

மார்க்கம் வீதி டோனட் கடையில்
கழிப்பறைக்குப் பக்கத்து மேசை எங்களுடையது.
சார்ஜர் செருக அங்கேதான் இடம்.

குகதாசனின் ஒப்பந்தம் நவம்பரில் முடிந்தது,
நிரஞ்சலாவுடையது அதற்கும் முன்னால்.
பிலிப்பையா எழுதுவது பழைய வங்கிகளின் கணினிமொழி;
தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஓய்வில், மீதி மண்ணில் என்று
அவரே சொல்லிச் சிரிப்பார்.
லாகோஸிலிருந்து வந்த பெமிக்குத்
தமிழில் தெரிந்தது இரண்டு சொல்: வணக்கம், காசு.

ஏஜென்சி மணிக்கு இருபது டொலர் விழுங்குவதைக்
கைதுடைக்கும் கடதாசியில் கணக்குப் போட்டோம்.
போன மாதம் ஒரே வேலைக்கு
நானும் நிரஞ்சலாவும்
ஒருவருக்கொருவர் தெரியாமல்
விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டிருக்கிறோம்.
கிடைத்தது மூன்றாம் ஆளுக்கு.
அது வெளிவந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை;
கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்,
சீனி போடாத கோப்பியை.

அன்றிலிருந்து
யாருக்கு அழைப்பு வந்தாலும் மேசைக்கு வரவேண்டும்.
எழுதிவைக்கவில்லை.
பெமி மட்டும் எழுதச் சொன்னான்.

ஏழு கிழமை ஒன்றும் வரவில்லை.
பிலிப்பையா இரவில் ஊபர் ஓட்டினார்.
எங்களை ஏற்றினால் காசு வாங்கமாட்டார்;
நாங்கள் பஸ்ஸில் போகத் தொடங்கினோம்.

பிறகு ஹமில்டனில் ஒரு மீன் குளிர்க்கிடங்கு:
இருபது வருடக் கணக்கைப் புதுச் சேர்வருக்கு மாற்றவேண்டும்.
"உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?"
குகதாசன் போனைக் காதில் வைத்தபடி
எங்களை ஒவ்வொருவராய் எண்ணினான்.
"நான்கு."
மேசைக்கடியில் பிலிப்பையா அவன் காலை மிதித்தார்.
"ஐந்து."

நிறுவனத்துக்கு இன்னும் பெயர் இல்லை.
திங்கட்கிழமை எல்லோரும் பிலிப்பையாவின் வேனில் போகிறோம்;
பனிக்கால டயர் அதற்கு மட்டும்தான் இருக்கிறது.