இடக்கைக்கு மட்டும்

சுண்டுவிரல் அளவு போத்தல்,
மூடியோடு ஒட்டிய சின்னத் தூரிகை.
"நகத்தைச் சுற்றி ரெண்டு சொட்டு கா,
ஏழு நாள் பாரு" என்றாள் சுகிர்தா.
விலையைச் சொல்லவில்லை. மாதக் கடைசி.

நம்பவில்லை நான்.
இடக்கைக்கு மட்டும் பூசினேன்;
வலக்கை சாட்சிக்கு இருக்கட்டும்.

களுவாஞ்சிக்குடி வங்கியில்
பன்னிரண்டு வருசமாய்க் காசு எண்ணும் விரல்கள்.
இருக்கிற ஈரத்தையெல்லாம் தாள் குடித்துவிடும்.
நகக்கண்ணில் தோல் கிளம்பி
துவாய் நூலில் மாட்டும்.
பல்லால் கடித்து இழுப்பேன்,
மறுகா
கொச்சிக்காய் அரைக்கையில் தெரியும்.

நாலாம் நாள் வாதுமை மணத்தது கை.
ஐந்தாம் நாள்
ஐயாயிரம் தாள் ரெண்டு ஒட்டிப் போய்
சாமித்தம்பியரின் நெல்லுக் காசில்
ஒன்று கூடிற்று.
வாசல் வரை போனவர்
திரும்பி வந்து வைத்தார்:
"இண்டைக்கு என்ன யோசினை, மகள்?"
மேசைக்கடியில்
சேலையில் துடைத்தேன் விரல்களை.

ஏழாம் நாள்
ஆரையம்பதி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க
என்றும் இல்லாமல்
இடக்கை முந்திற்று.
ஐந்து நகத்திலும்
கொஞ்சம் கொஞ்சம் பின்னேர வெயில்.

சாட்சி
கைப்பைக்குள் துழாவுகிறது,
போத்தலை.