வடக்குச் சுவர் ஓடிய தூரம்

பால் குளிர்விக்கும் தொட்டியின் வயிற்றை வெட்டி
உலை செய்தான் ஒய்வா.
பழைய பிரேக் டிரம் அதற்குத் தொண்டை.
"நாலு அங்குலம். ஒரு நூல்கூடத் தப்பக் கூடாது.
அகன்றால் தார் வடியும்,
குறுகினால் மூச்சு முட்டும்."

எண்பத்து நாலாம் வருடத்து டாட்சன் பிக்கப்.
தினம் தொண்ணூறு கிலோமீட்டர் தபால்,
கைனுவின் மூலை முடுக்கெல்லாம்.
பங்கில் நிற்கும்போது
என் சம்பளம் இளைப்பது மீட்டரில் தெரியும்.
காடு மட்டும்
இரண்டு பக்கமும் சும்மா கூடவே வரும்.

முதல் சோதனை சனிக்கிழமை.
வேலியோரத்து ஆல்டர், இந்தக் கோடையில் வெட்டியது,
முஷ்டி அளவுக்குத் துண்டு போட்டு நிரப்பினோம்.
கீழே கரி, அதில் தணல்.
ஹீட்டர் காற்றாடி உறுமியது.
குழாய் வாயில் ஒய்வா தீக்குச்சி நீட்டினான்.
வெள்ளைப் புகை.
பன்னிரண்டு குச்சி. வெள்ளைப் புகை.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
எங்களிடம் நெருப்பும் இருந்தது, புகையும் இருந்தது,
ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு துண்டைப் பிளந்து கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.
"ஈரம், ஹில்லெவி. இது அழுகிற விறகு.
பத்து வருடம் காய்ந்தது ஏதாவது இருக்கிறதா?"
கேட்ட பிறகுதான்
தன் கண் போன இடத்தை அவனே கவனித்தான் போல.
பூட்ஸால் கரித்தூளைத் தள்ளிக்கொண்டு நின்றான்.

கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில்,
கெய்யோ வாங்கிக் குவித்த ஸ்ப்ரூஸ் பலகை.
ஏரியைப் பார்த்து ஒரு வீடு. அடுத்த கோடையில்.
அடுத்த கோடையில்.
பிறகு ஔலுவில் ஒரு வேலை,
பிறகு ஔலுவில் ஒருத்தி.
புதுக் காரில் போனான்.
பலகைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னான்.

ரம்பம் வைத்தபோதுதான் பார்த்தேன்,
எல்லாவற்றிலும் பென்சில் எழுத்து.
வடக்குச் சுவர் 3. வடக்குச் சுவர் 4.
ஒன்றில் குறுக்கே ஒரு கோடு:
"ஹி. கை எட்டும் உயரம், அலமாரி."
என்னை எப்போது அளந்தான்?
கோட்டுக்கு ஒரு விரல் கீழே அறுத்தேன்.
பிறகு கோட்டிலேயே.

இந்த முறை ஒரே குச்சி.
குழாய் வாயில் ஒரு முழத்துக்கு
ஊதாவும் ஆரஞ்சுமாய்ச் சுடர்.
வெயிலில் தெரியவில்லை, கையை வைத்து மறைத்துப் பார்த்தோம்.
ஒய்வா தொப்பியைக் கழற்றினான், ஏனென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டான்.
வால்வைத் திருப்ப,
என்ஜின் இருமியது, இருமியது,
பிடித்துக்கொண்டது.

இப்போது அரை மணி முன்னால் எழுகிறேன்.
சாம்பல் தட்டி, தணல் கிளறி, காற்றாடி போட்டு,
காபியும் வாயுவும் ஒரே நேரத்தில் தயார்.
ஏற்றத்தில் இரண்டாம் கியர்தான்.
ஒரு ரெயின்டீர் முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்தது.
விறகு நடுவில் தொங்கிக்கொண்டால் இறங்கிக் கம்பியால் ஒரு குத்து.
வாங்குகிறவர்கள் கடிதத்தை முகர்ந்து பார்க்கிறார்கள்.
என்ன எரிகிறது என்று ஒருத்தி கேட்டாள்.
வடக்குச் சுவர் என்றேன்.

கேபினில் ஒய்வா ஒரு அலாரம் மாட்டியிருக்கிறான்.
இந்த வாயுவில் கொல்லுகிற பங்குக்கு
வாசனை கிடையாதாம், நிறமும் கிடையாதாம்.
முதலில் லேசாய்த் தலைவலி,
பிறகு தூக்கம், சுகமாய்.
"தலை வலித்தால் யோசிக்காதே. இறங்கி நட."
எத்தனை வருடம் மாத்திரை போட்டேன் என்று
அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் கெய்யோ போன் செய்தான்.
சனிக்கிழமை ஆள் வருமாம்.
வடக்குச் சுவர் புவோலங்கா வரை
ஏழெட்டு தடவை போய் வந்துவிட்டது,
கிழக்குச் சுவர் வியாழன் வரை தாங்கும் என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
நானும் வைக்கவில்லை.

மிச்சம் நான்கு ஜன்னல் சட்டங்கள்.
பெயிண்ட் அடித்தவை, உலைக்கு ஆகாது.
கொட்டகை ஓரத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
ஒன்றின் வழியாக
டிரக்கின் பின்பக்கம் தெரிகிறது.
பனி விழுகிறது,
உலை மூடிமேல் மட்டும் தங்காமல்.