செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை

ஆறே முக்காலுக்கு ருஸ்லான்
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
மடக்கு நாற்காலியில் உட்காருகிறார்.
விடியும்வரை அவருடைய கால்கள்
ஆய்வுக்கூடத்தின் சொத்து.
வந்து அமரும் ஒவ்வொரு கொசுவையும்
குத்துமுன் குழாயில் உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.
சில நேரம் கொசு முந்திக்கொள்ளும்.
மாத்திரை போட்டாச்சா என்கிறேன்.
சிவப்பு விளக்கில் பல் மட்டும் தெரிகிறது.

இது புக்கிட் தீமாப் பக்கம்.
அந்தப் பக்கம், நீர்த்தேக்கக் காட்டில்,
இதே மாதிரி நாற்காலியில் ஹுவீ மின்.
நடுவில் விரைவுச்சாலை.
லாரியின் பின்னால் சாய்ந்து
தங்குவிடுதிக்குத் திரும்புகிறவர்கள்
இரண்டு காடுகளையும் தூக்கத்திலேயே கடக்கிறார்கள்.

அழுங்குகளுக்காக
மேலே ஒரு பாலம் கட்டி
மண் கொட்டி மரமும் நட்டிருக்கிறது.
குரங்குகள் அதை நம்பி இல்லை.
காய்ச்சல் இருப்பது அவற்றின் குருதியில்.
அங்கிருந்து நமக்குக் கொண்டுவர
சினைப்பட்ட ஒருத்தி போதும்.
முட்டைக்கு இரத்தம் வேண்டும் அவளுக்கு,
மற்றபடி நம்மீது கோபம் ஒன்றுமில்லை.

கேட்க வந்தது ஒரே கேள்வி:
இந்தப் பக்கத்தவளும் அந்தப் பக்கத்தவளும்
இன்னும் உறவுதானா?

மரபணு எடுக்க ஒரு கால் போதும்.
ருஸ்லானின் காலுக்கு வந்தவள்
தன் காலைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.
நானூற்றுப் பன்னிரண்டு கால்கள்,
எட்டு மாதம்,
இரண்டு முறை பழுதான குளிர்பெட்டி.
கடைசியில் திரையில் வந்தது
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நான்கு.
வேற்றுமை என்று சொல்லக் கூசும் அளவு.

கடக்கின்றன என்று
ஹுவீ மின் கை தட்டினாள்.
நான் தட்டவில்லை.

சாலைக்கு வயது நாற்பது.
கொசுக் கணக்கில் நானூறு தலைமுறை இருக்கும்.
ஆனால் கூட்டம் பெரிது,
பெரிய கூட்டம் மெதுவாகத்தான் மறக்கும்.
தாரும் கல்லும் போட்ட அன்று
இரண்டு பக்கமும் ஒரே காடு.
அந்தக் காட்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு
ஒன்றையொன்று பார்க்காமலே
ஒரே மாதிரி பிறந்து சாகலாம்.
இரவெல்லாம் சாலையைக் கடந்தாலும் இந்த எண்தான்.
ஒருநாளும் கடக்காமல்,
பிரிந்த செய்தி போய்ச் சேராமல் இருந்தாலும்
இந்த எண்தான்.

ஈசூனில் இறங்கி
அஞ்சல்பெட்டியைத் திறக்கிறேன்.
மின்சாரம், தண்ணீர்க் கட்டணம்
உன் பெயருக்கு.
நீ போய் மூன்று வருடம்.
பெயர் மாற்றும் படிவத்தை
நான் நிரப்பவில்லை, நீயும்.
கணக்கெடுக்க யாராவது வந்தால்
இந்த வீட்டில் இருவர் என்றே எழுதிக்கொள்வார்.

மருந்தடிக்கிற பிரிவிலிருந்து கேட்டார்கள்:
ஒரு கூட்டமா, இரண்டா?
படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.
ஒன்று என்று எழுதி
பக்கத்தில் 'இப்போதைக்கு' என்றேன்.
அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்று
ஹுவீ மின் எடுத்துவிட்டாள்.
அவள் செய்தது சரி.

மறுபடி சனிக்கிழமை, ஒன்றரை மணி.
லாரிகள் ஓய்ந்துவிட்டன.
தலை தாழ்த்தி வால் தூக்கி
ஒருத்தி வந்து நிற்கிறாள்,
ருஸ்லானின் கெண்டைக்காலில்.
எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள் என்று தெரியாது.
அவர் குழாயை எடுக்கவில்லை இன்னும்.
அக்கா, பாருங்கள் என்கிறார், மூச்சுவிடாமல்.