நூறாவது ஆள்

பெப்ரவரி பதினொன்றில் ஆல்ஃப்ரெட் செத்தார்.
ஹின்டர்வாங் தொண்ணூற்றொன்பது ஆனது.

எனக்கு அது தெரியாது.
நான் சிங்கம் விடுதியின் குசினியில்
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்
(சிங்கத்தின் வயிற்றுக்குள் வேலை செய்கிறேன் என்றால்
இங்கே ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்).
அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு
இறைச்சிச் சாறு, பாண், வெள்ளை வைன்.
நாற்பத்திரண்டு கோப்பை கழுவினேன்.
அழுதவர்கள் குறைவு.
மேசைத்தாளில் எதையோ கூட்டிக் கழித்தவர்கள் அதிகம்.

மறுநாள் கிராமசபை ரெகுலா சுர்புருக்
பின்கதவால் வந்தாள், சப்பாத்துப் பனியை உதறாமலே.
உம்முடைய பதிவு எங்கே?
தூன் நகரில், மச்சானின் முகவரியில்.
படுக்கிறது?
விரலால் மேலே காட்டினேன்.
மா மூட்டைகளுக்குப் பக்கத்து அறை,
கிழமையில் ஆறு இரவு, நாலு வருஷம்.
அப்ப நீர் இங்கேதான் இருக்கிறீர் என்றாள்,
தொலைந்த சாவி
தன் பொக்கெற்றிலேயே அகப்பட்டவள் மாதிரி.

விஷயம் இதுதான்.
நூறு பேர் வசித்தால் மஞ்சள் பஸ்ஸுக்கு
அரசாங்கம் காசு கொடுக்கும்.
ஒன்று குறைந்தால் கடிதம் கொடுக்கும்.

மாடுகள் சேர்த்தியில்லை, அவை முந்நூற்றுப் பதினாறு.
கோடைக்கு மட்டும் சன்னல் திறக்கிற வீடுகள் சேர்த்தியில்லை.
ஹான்ஸ்யூர்க்கின் மகள் வயிற்றில் இருப்பது
ஜூன் வரைக்கும் சேர்த்தியில்லை.

என்னை முன்பும் எண்ணியிருக்கிறார்கள்.
வவுனியாவில், முள்கம்பிக்குள், விடியமுன்.
எண்ணியவன் இரண்டு தரம் பிழைவிட்டு
மூன்றாந்தரம் முதலிலிருந்து தொடங்கினான்.
பிறகு ஒரு லொறியில், எந்த நாடென்று தெரியாத இருட்டில்,
தலைக்கு இவ்வளவு என்று.
எண்ணி முடிந்ததும் எவரும் கோப்பி ஊற்றித் தரவில்லை.
ரெகுலா எங்கள் குசினிக் கோப்பியையே
எனக்கு ஊற்றித் தந்தாள்.
பென்சிலால் நூறு என்று எழுதி
வட்டம் போட்டாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால்
சாரதி பெசிம், கொசோவோக்காரன்,
கண்ணாடியில் பார்த்துக் கேட்பான்: என்ன நூறு, சுகமா?
பதினாலு வளைவு. வளைவுக்கு வளைவு ஹோர்ன்.
செவ்வாய், வியாழன், சனி
மார்கிரிட் இரத்தம் சுத்தப்படுத்தக் கீழே போகிறாள்.
பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பின்சீட் போதாது.
நாலு வருஷமாய் என்னைக் கண்டால்
மலையைப் பார்க்கிற வால்டர்
ஒருநாள் தன் பையைத் தூக்கி மடியில் வைத்து
எனக்கு இடம் விட்டார்.
அன்றைக்கு பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டுந்தான்.

மார்ச் முடிய மச்சான் போன் எடுத்தான்.
தூன் ஆஸ்பத்திரிக் குசினியில் இடம் இருக்காம்.
நிரந்தர வேலை. ஞாயிறு லீவு. மா மணக்காத அறை.
நாளைக்கே வந்து கதை.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
நான் போனால் தொண்ணூற்றொன்பது.
ஜூனில் பிள்ளை பிறந்தால் திரும்ப நூறு.
மார்கிரிட்டுக்கு எண்பத்தெட்டு வயது
என்ற இடத்தில் நிறுத்தி
போர்வையை முகத்துக்கு மேலே இழுத்தேன்.
சீ, நானும் மேசைத்தாளில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

காலை ஆறு பன்னிரண்டு.
தரிப்பில் நான், ஒரு பை, பனிக்குவியலில் நாய் மூத்திரம்.
இந்த பஸ் வருவது நான் இங்கே இருப்பதால்.
நான் இங்கிருந்து போவது இந்த பஸ் வருவதால்.
இதை ஜெர்மனில் சொல்ல எனக்கு வினைச்சொற்கள் காணாது.

கதவு திறந்தது. பெசிம் பையைப் பார்த்தான்.
ஒருவழியா, இருவழியா?

எங்கள் பாஷையில், வீட்டு வாசலில்
போறன் என்று சொல்லக் கூடாது.
சாகக் கிடப்பவனும் கடைக்குப் போகிறவனும்
போட்டு வாறன் என்றே சொல்லவேணும்.
வாய் தன்பாட்டில் அதைச் சொல்லிவிட்டது,
தமிழில்.
அவன் என்ன விளங்கினானோ,
இரண்டு வழிக்கும் காசு எடுத்தான்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
நடுச்சாமம் வரைக்கும் செல்லும்.