பேஸை மெல்லத் திற

மல்லாவியில் நெல்லு மில்லின் சீமெந்துத் தளம்.
மில்காரரின்ரை மூத்த மகனுக்கு வரவேற்பு.
ஜெனரேற்றர் என்ரை, டீசல் அவையின்ரை,
அனுமதி பொலிசின்ரை: பத்தரை மட்டும்.

துலக்சனா வந்தது மோட்டச்சைக்கிள் பின்சீற்றிலை,
மடியிலை மிக்சர், அதைச் சுத்தி ஒரு துவாய்.
"அண்ணை, கரண்ட் ஆடாதோ?"
"நான் ஆடினால்தான் அது ஆடும்" எண்டன்.
சிரிக்கேல்லை. வயரைத் தொட்டுப் பாத்தாள்.

முதல் ஃபங்க்.
கிற்றார் அரிசியிலை கல்லுப் பொறுக்குது,
பேஸ் அரை அடி பிந்தி வாற நக்கல்காரன்.
ஆரும் எழும்பேல்லை.
கதிரையளுக்குக் கீழை செருப்புகள் மட்டும்
ஓமெண்டு சொல்லத் தொடங்கிச்சுது.

பிறகு சோல்.
ஆரோ ஒருத்தி. பாசை விளங்கேல்லை,
குரல் எனக்குத் தெரியும்:
கிழமைக் காசுக்கு வந்து நிக்கிறவனோடை
கதவைத் திறக்காமலே கதைக்கிற குரல்.
கிடாரத்தடியிலை நிண்ட மூண்டு பேர்
அகப்பையோடை வெளியிலை வந்திச்சினம்.

ஒண்டு முடிஞ்சு மற்றது தொடங்கேல்லை.
இதைத்தான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன்.
ஒண்டு இருக்கேக்கையே மற்றது வந்து
வாசல்லை நிண்டு, உள்ளை வந்து,
பேந்து பாத்தால் முதல் வந்தது இல்லை.
போனதை ஆரும் காணேல்லை.
எங்கடை பக்கம் ஆக்கள் போனது இப்பிடி இல்லை.

டிஸ்கோ வயலின்களோடை வந்துது,
மழைக்கு முதல் நாள் தும்பியள் மாதிரி, மேலை மேலை.
பெடியள் குத்துப்பாட்டுக் கேட்டு மேசையைத் தட்டினாங்கள்.
"அப்பிடியே தட்டுங்கோ, நிப்பாட்டாதேங்கோ" எண்டு
மைக்கைச் சரிச்சு
அந்தத் தட்டையும் பாட்டுக்குள்ளை விட்டாள்.

பேஸ் குமிழை மட்டும்
வாய்க்கால் பலகை தூக்கிற மாதிரி,
ஒரு விரல், அரை விரல்.
ஏனெண்டு கேட்டன்.
"போன வருசம் புதுக்குடியிருப்பிலை
ஒரேயடியாய் இறக்கினன், அண்ணை.
பெடியள் துள்ளினாங்கள்.
நாப்பது தாண்டினவை வானத்தைப் பாத்திச்சினம்.
ஒரு மாமா மேசைக்குக் கீழை,
கையிலை இருந்த ஐஸ்கிறீம் கோப்பை கவிழாமல்."
திரும்பவும் குமிழிலை கண்.
அதுக்கு மேலை கதைக்கேல்லை.

ஹவுஸ் வரேக்கை பத்தே கால்.
ஒரே அடி, ஒரே அடி, ஒரே அடி,
பஸ் தவறி நடக்கத் தொடங்கின ஆளின்ரை கால்.
பொம்பிளை மாலையைக் கழட்டி ஸ்பீக்கரிலை கொழுவினாள்.
மில்காரர் சால்வையை இடுப்பிலை கட்டினார்,
அவருக்கே அது தெரியாது.

பத்தரைக்கு ஜீப்.
துலக்சனா ஒரு கையைத் தூக்கி என்னைப் பாத்தாள்,
மற்றக் கை சத்தத்தைக் கீழை, கீழை.
ஆரும் எனக்குப் படிப்பிக்கேல்லை.
த்ரொட்டிலைக் கொஞ்சம் விட்டன்.
டக டக டக டக:
நாலு வெடிக்கு ஒரு அடி. அவளின்ரை அடி.
பல்ப்புகள் சிவந்து
முட்டைக் கருவாய்ச் சுருங்கிச்சுது.
பாட்டு இல்லை.
ஒரு கால் நிக்கேல்லை.

சார்ஜன் ஸ்பீக்கரிலை காதை வைச்சுப் பாத்தார்,
மாலைக்கும் பெட்டிக்கும் நடுவிலை.
ஒண்டுமில்லை. என்னட்டை வந்தார்.
"இது?"
"ஜெனரேற்றர், சேர்.
நிப்பாட்டினால் இருட்டு."

அவர் மணிக்கூட்டைப் பாத்தார்.
நான் டாங்கைப் பாத்தன்.
இன்னும் ரெண்டு லீற்றர் கிடந்தது.