ஐந்தில் யாரும் இல்லை

ஆட்டோமேட்டிக் பெட்டி மூன்றாம் முறையும் எரிந்தபின்
கருகிய எண்ணெய் வாடையோடு
பிக்கப்பைக் கொட்டகைக்குள் தள்ளினோம்.
பிப்ரவரி. வயோமிங்.
ஸ்பானரை வெறுங்கையால் தொட்டால்
தோல் அதோடு வந்துவிடும்.

பனியில் சறுக்கி உருண்ட இன்னொரு வண்டியிலிருந்து
ஐந்து கியர் பெட்டி வாங்கியிருந்தேன்:
தொள்ளாயிரம் டாலர், மேலுக்கு இரண்டு கட்டு வைக்கோல்.
கிளட்ச் பெடலும் குமிழும் கூடவே வந்தன.
குமிழில் எண்கள் தேய்ந்திருந்தன,
மூன்று மட்டும் பாதி தெரிந்தது.

பெட்டியின் பின்மூடியைத் திறந்து
சீல் மாற்றி மூடினான் டெல்ஃபினோ.
பிறகு கியர் கம்பிக்காகத் தரைத்தகட்டை வெட்டினான்.
ஓட்டை வழியே கொட்டகை மண் தெரிந்தது.
பதினோரு வருடமாக
என் காலுக்குக் கீழே இவ்வளவு பக்கத்தில்
இருந்திருக்கிறது பூமி.

அந்தப் பதினோரு வருடமும் என் இடது கால்
மாமியார் வீட்டு மாப்பிள்ளைபோல நீட்டிக் கிடந்தது.
இப்போது அதற்கு வேலை.
முதல் நாள் முற்றத்திலேயே எட்டு முறை அணைந்தது வண்டி.
நாய் எழுந்து
கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"காலியாப் போனா அஞ்சு, மார்வா.
இழுத்துக்கிட்டுப் போனா நாலு."
அதற்குமேல் அவன் பேசவில்லை.
பேசுகிற ஆள் இல்லை.

நாலு என்றால் நேர்.
இன்ஜின் ஒரு சுற்று, தண்டும் ஒரு சுற்று,
நடுவில் தரகன் கிடையாது.
ஐந்தில் பாரம் பக்கத்துத் தண்டுக்கு இறங்கி
கடைக்கோடியில் ஒட்டியிருக்கும் ஒரு பல்சக்கரம் வழியே
சுற்றிக்கொண்டு வரவேண்டும்.
அந்தச் சக்கரத்தைப் பிடித்திருப்பது
ஒரே ஒரு நட்டு.

தெரியும்.
தெரிந்தும் போட்டேன்.
டீசல் விற்கிற விலைக்கு,
டெல்ஃபினோவுக்கே பாதிக் கூலி பாக்கி இருந்ததற்கு,
ஐந்தில் இன்ஜின் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்போது
ரேடியோவில் மாட்டு விலை கேட்டதற்கு.
பின்னால் டிரெய்லரில் ஆறு டன் வைக்கோல்.
ராலின்ஸ் சாலையில் எதிர்க்காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
நான் கம்பியை ஐந்தில் வைத்துவிட்டு
காபி குடித்தேன்.

ஏப்ரல் வரை தாங்கியது.

ஒரு மேட்டில், உடைகிற சத்தம்கூட இல்லாமல்,
இன்ஜின் மட்டும் எழுந்து கத்தியது.
வண்டி அதைக் காதில் வாங்கவில்லை.
கம்பி தன் இடத்தில்தான் இருந்தது.
எடுத்தேன், மறுபடி போட்டேன்,
சரியாகத்தான் விழுந்தது.
கதவு திறக்கிறது
உள்ளே யாரும் இல்லை.

நாலுக்கு இறக்கினேன். இழுத்தது.
நூற்றுப்பத்து மைல், அதே நாலில்.
லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.
வேலிக்கு அந்தப்புறம் மான்கள்
மெல்வதை நிறுத்திப் பார்த்தன.
"காலியாத்தான் போனேன், டெல்ஃபினோ."
மெதுவாக ஒரு முறை, சலிப்பாக ஒரு முறை,
கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை
சொல்லிப் பழகினேன்.
பின்னால் வைக்கோல் கேட்டுக்கொண்டே வந்தது.

அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பின்மூடியைக் கழற்றினான்.
நான் விளக்குப் பிடித்தேன்.
வெகுநேரம் அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
பிறகு ஒரு கை வெளியே வந்தது,
உள்ளங்கையில் எண்ணெய் சொட்ட அந்த நட்டு.
நான் வாய் திறக்குமுன்
அடியிலிருந்து குரல்:

"இதுக்குன்னு தனிச் சாவி இருக்கு. எங்கிட்ட இல்ல.
உளியை வச்சு சுத்தியலால தட்டித்தான் முறுக்கினேன்.
அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

நூற்றுப்பத்து மைல் பழகிய வாக்கியம்
நாக்கிலேயே கிடந்தது.
அது இனித் தேவையில்லை.

புது நட்டுக்குத் தானே காசு தருகிறேன் என்றான்.
பாக்கிக் கூலியும் வேண்டாம் என்றான்.
நான் ஒன்றும் சொல்லாமல்
விளக்கை இன்னும் கொஞ்சம்
கிட்டப் பிடித்தேன்.